டாப் 2 சதவீதம்னு போட்டீங்க, என்ன ஆராய்ச்சின்னு போடலியே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியல்ல இடம்பிடிச்ச பேராசிரியர்கள்னு உங்க பத்திரிகைல வந்த செய்திய முழுசா படிச்சேன். போட்டோ இருக்கு, டிபார்ட்மென்ட் பேர் இருக்கு, நிர்வாகத்தோட வாழ்த்து இருக்கு, ஆனா அந்த மனுஷங்க என்னத்த ஆராய்ச்சி பண்ணாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. பேட்டரியா, புற்றுநோயா, மண்ணா, மருந்தா ஒண்ணும் தெரியல. நான் ஒரு காலேஜ் லைப்ரரில வேலை பாக்குறேன், யாருக்கு எத்தன சைட்டேஷன் (அதாவது அவர் பேப்பர எத்தன பேப்பர்ல மேற்கோள் காட்டியிருக்காங்க), அத வச்சுப் போடுற ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவுன்னு ரிப்போர்ட் எடுத்துக் குடுக்குறதும் என் வேலைல ஒரு பகுதி, அதனாலதான் இத எழுதுறேன். லிஸ்ட்ல வந்தவங்கள குறை சொல்ல வரல, என் வருத்தமெல்லாம் செய்தி போட்ட விதத்துல.

முதல்ல அந்த லிஸ்ட்டயே எடுத்துக்குவோம். ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி வெளியிட்டதுன்னு எழுதியிருந்தீங்க. ஸ்டான்ஃபோர்ட்ல இருக்குற ஜான் அயோனிடிஸ்ங்கிற பேராசிரியரும் அவரோட சேந்தவங்களும் எல்செவியர் பதிப்பகத்தோட ஸ்கோபஸ்ங்கிற சைட்டேஷன் டேட்டாபேஸ வச்சு தயார் பண்றது அது, 2019ல பிளாஸ் பயாலஜி ஜர்னல்ல அதப் பத்தி எழுதினாங்க, அப்புறம் அப்பப்ப புதுப்பிச்சு எல்செவியர் தளத்துல போடுறாங்க. யுனிவர்சிட்டி கமிட்டி போட்டு ஆள் பாத்து குடுக்குற விருது இல்ல, யாரோட பேப்பரையும் யாரும் படிச்சுப் பாத்து மார்க் போடுறதும் இல்ல, முழுக்க முழுக்க கணக்கு. ரெண்டு லட்சத்துக்கும் மேல பேர் இருக்காங்க அதுல. அதுலயும் ரெண்டு லிஸ்ட் இருக்கு, ஒண்ணு வாழ்நாள் முழுக்க செஞ்ச வேலைக்கு, இன்னொண்ணு ஒரே ஒரு வருஷத்துல கிடைச்ச சைட்டேஷனுக்கு, ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கலாம், உங்க செய்தி எதச் சொல்லுதுன்னே தெரியல. நியாயமா சொல்லணும்னா லிஸ்ட் போட்டவங்க கவனமாத்தான் போட்டிருக்காங்க. ஒருத்தர் தன் பேப்பர தானே சைட் பண்ணிக்கிட்டத சேத்து ஒரு கணக்கு, கழிச்சு ஒரு கணக்கு, துறைய 174 உட்பிரிவா பிரிச்சு அந்தந்த பிரிவுக்குள்ள ஒரு ரேங்க், தனியா எழுதினதுக்கும் ஃபர்ஸ்ட் ஆத்தரா, கடைசி ஆத்தரா எழுதினதுக்கும் தனித்தனி மதிப்பு. எல்லாம் அந்த ஃபைல்ல இருக்கு, யார் வேணும்னாலும் இறக்கிப் பாக்கலாம். செய்தியா வரும்போது மட்டும் எல்லாம் உதிர்ந்து 2 சதவீதம்னு ஒரு நம்பர் மிஞ்சுது.

அடுத்து ஹெச்-இண்டெக்ஸ். உங்க செய்திலயும் ஒருத்தர் பேருக்குப் பின்னாடி அது பட்டம் மாதிரி ஒட்டியிருந்துச்சு. 2005ல ஹோர்ஹே ஹிர்ஷ்னு கலிஃபோர்னியாவுல ஒரு இயற்பியல் பேராசிரியர் கொண்டுவந்த கணக்கு இது. ஒருத்தரோட பேப்பரையெல்லாம் அதிக சைட்டேஷன் வாங்கினதுலேர்ந்து கீழ வரைக்கும் வரிசையா அடுக்கணும், 10வது பேப்பருக்கு குறைஞ்சது 10 சைட்டேஷன் இருந்து 11வதுக்கு 11 இல்லன்னா அவரோட ஹெச்-இண்டெக்ஸ் 10. அவ்ளோதான் விஷயம். இப்ப பாருங்க, 10 பேப்பர் எழுதி ஒவ்வொண்ணுக்கும் சரியா 10 சைட்டேஷன் வாங்கினவர் மொத்தமா 100 வச்சுக்கிட்டு 10 எடுத்துடுவார், ஒரே ஒரு பேப்பர் எழுதி அத 5000 பேர் சைட் பண்ணினவருக்கு 1தான். ரிட்டையர் ஆகி சும்மா இருந்தாலும் இந்த நம்பர் ஏறும், ஆள் செத்த பிறகும் ஏறும், பொதுவா இறங்குறதுங்கிற பேச்சே கிடையாது, அப்படியிருக்க 30 வயசுக்காரரையும் 58 வயசுக்காரரையும் ஒரே இண்டர்வியூல உக்கார வச்சு இத வச்சு ஒப்பிடுறாங்க பாருங்க, அத என்னன்னு சொல்றது. மருத்துவத்துல சைட்டேஷன் மளமளன்னு சேரும், கணிதத்துல ஒரு நல்ல பேப்பருக்கே மெதுவாத்தான் வரும், அதனால ரெண்டு டிபார்ட்மென்ட்ட ஒப்பிடவும் ஆகாது. கண்டுபிடிச்ச ஹிர்ஷே 2020ல இதுக்கு மோசமான பக்கவிளைவு இருக்குன்னு எழுதிட்டார்.

என் டேபிள்ல நடக்குறத சொல்றேன். பிரமோஷன் சமயத்துல வர்றவங்க எல்லாருமே "கூகுள் ஸ்காலர்லயே எடுத்துடுங்க"ம்பாங்க. காரணம் இருக்கு. ஆராய்ச்சிக் கட்டுரை தேடுற கூகுள் ஸ்காலர் தீசிஸ், ஜர்னல்ல வர்றதுக்கு முன்னாடியே நெட்ல போட்ட ப்ரீபிரிண்ட், கான்ஃபரன்ஸ்ல படிச்சது, நெட்ல கிடக்குற பிடிஎஃப்னு கண்ணுல பட்டதெல்லாம் எண்ணும், ஸ்கோபஸும் அதே மாதிரி இன்னொரு டேட்டாபேஸான வெப் ஆஃப் சயின்ஸும் தாங்க தேர்ந்தெடுத்து வச்சிருக்குற ஜர்னல், புத்தகம், கான்ஃபரன்ஸ் தொகுப்புலேர்ந்து வர்றத மட்டும் எண்ணும். அதனால ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல மூணு நம்பர் வரும், அங்க 20ன்னா இங்க 13ன்னு நிக்கும், ரெண்டுமே தப்பில்ல. இன்னொரு கூத்து பேர் விஷயம். கூகுள் ஸ்காலர் ப்ரொஃபைல தானா அப்டேட் ஆகுற மாதிரி வச்சுட்டா அதே இனிஷியல் அதே பேர்ல உலகத்துல எவன் எழுதினாலும் கொண்டுவந்து சேத்துடும், செடி கொடி ஆராய்ச்சி பண்றவர் ப்ரொஃபைல்ல எலும்பு ஆபரேஷன் பேப்பர் கம்பீரமா உக்காந்திருக்கும். எடுத்துடலாமான்னு கேட்டா சிலர் உடனே சரிம்பாங்க, சிலர் இண்டர்வியூ முடியட்டும்ம்பாங்க. இந்தக் குழப்பம் தீரத்தான் 2012லேர்ந்து ஆராய்ச்சியாளர் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஆர்கிட்னு 16 இலக்க நம்பர் குடுக்குறாங்க, அத வாங்கி வச்சுட்டு ஒரு தடவ கூட உள்ள போய் பாக்காதவங்கதான் நிறைய.

சைட்டேஷன் அதிகம்னா பெரிய கண்டுபிடிப்புன்னு ஒரு நெனப்பு இருக்குல்ல, அதுவும் சரியில்ல. 2014ல நேச்சர் பத்திரிகை உலகத்துலயே அதிகமா சைட் பண்ணப்பட்ட 100 பேப்பர எடுத்துப் போட்டுச்சு. முதல் இடம் ஆலிவர் லௌரி 1951ல எழுதினதுக்கு, 3 லட்சத்துக்கும் மேல சைட்டேஷன். விஷயம் என்னன்னா ஒரு கரைசல்ல புரோட்டீன் எவ்வளவு இருக்குன்னு அளக்குற முறை. லேப்ல உக்காந்து புரோட்டீன் அளந்தவனெல்லாம் அத சைட் பண்ணான், அதான் கதை. லௌரியே அது ஒண்ணும் மகா பெரிய பேப்பர் இல்லன்னு பின்னாடி எழுதினார். டிஎன்ஏ அமைப்ப சொன்ன 1953 பேப்பர் அந்த நூறுல இல்லவே இல்ல. எதுத்து எழுதுறதும் சைட்டேஷன்தான், தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டு 1998ல லான்செட் மருத்துவ ஜர்னல்ல வந்து 2010ல வாபஸ் வாங்கப்பட்ட பேப்பர தப்புன்னு சொல்றதுக்காகவே எத்தனையோ பேர் சைட் பண்ணிருக்காங்க, கணக்குப் போடுற மெஷினுக்கு திட்டுனது எது பாராட்டுனது எதுன்னு தெரியாது.

ஜர்னலோட இம்பாக்ட் ஃபேக்டரும் இப்படித்தான். முந்தின ரெண்டு வருஷத்துல அந்த ஜர்னல்ல வந்த பேப்பருக்கு இந்த வருஷம் சராசரியா எத்தன சைட்டேஷன்ங்கிற கணக்கு அது. ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ ஜர்னலுக்கு 2008ல 2 சொச்சம் இருந்தது 2009ல 49.9 ஆயிடுச்சு, ஏன்னா ஷெல்எக்ஸ் சாஃப்ட்வேர் பத்தி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் எழுதின ஒரே ஒரு பேப்பர எல்லாரும் சைட் பண்ணிட்டாங்க. கூட எழுதின மத்தவங்களுக்கும் ஓசில 49.9. ஜர்னல் நம்பர வச்சு ஆள எடை போடாதீங்கன்னு 2012ல சான் ஃபிரான்சிஸ்கோவுல கூடிப் பேசி ஒரு பிரகடனமே போட்டாங்க, நிறைய பேர் கையெழுத்தும் போட்டிருக்காங்க, ஆனா இண்டர்வியூ போர்டுல இன்னும் முதல் கேள்வி "இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு?"தான்.

நம்பர் பேசுதுன்னு தெரிஞ்சுட்டா நம்பர உண்டாக்குறவனும் வந்துடுவான் இல்லையா. 2010ல பிரான்ஸ்ல சிரில் லாபேங்கிற ஆராய்ச்சியாளர் ஐக் ஆன்ட்காரேன்னு இல்லாத ஒரு ஆள உருவாக்கி, கம்ப்யூட்டரே எழுதின அர்த்தமில்லாத நூத்துச் சொச்சம் பேப்பர நெட்ல போட்டு ஒண்ணையொண்ணு சைட் பண்ண வச்சு கூகுள் ஸ்காலர்ல ஹெச்-இண்டெக்ஸ் 94 வாங்கிக் காட்டினார், வெறுங்கையில முழம் போட்டா இப்படித்தான் போடணும். 2024ல லாரின்னு ஒரு பூனைக்கே இதே மாதிரி ப்ரொஃபைல் போட்டு சைட்டேஷன் ஏத்திக் காட்டினாங்க. இது விளையாட்டு, நிஜத்துல நடக்குறது சிரிப்பா இல்ல, நீ என்னச் சொல்லு நான் உன்னச் சொல்றேன்னு கூட்டா சைட் பண்ணிக்கிறது, ஜர்னல்ல போடலாமான்னு ரிவியூக்கு வந்த பேப்பர்ல என் பேப்பர் நாலு சேத்தா பாஸ் பண்றேன்ங்கிறது. அதிக சைட்டேஷன் வாங்குனவங்க லிஸ்ட் போடுற கிளாரிவேட் கம்பெனி 2023ல கணிதத் துறையவே மொத்தமா லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்க, சின்ன துறை, மொத்த சைட்டேஷனே கம்மி, கொஞ்சம் பேர் சேந்தாலே மேல ஏறிடலாம்னு.

இன்னொரு பக்கம் பீட்டர் ஹிக்ஸ், ஹிக்ஸ் போசான்ங்கிற துகள் இருக்கணும்னு சொன்ன இயற்பியல் விஞ்ஞானி. 1964ல அந்த வேலைய செஞ்ச பிறகு அவர் எழுதினது பத்து பேப்பர் கூட இல்ல. 2013ல நோபல் வாங்குன சமயத்துல, இன்னைக்கு நெலமைல எனக்கு யாரும் வேலையே குடுக்க மாட்டாங்கன்னு பேட்டில சொன்னார். அவர் பேர் இருக்குற துகளோட நிறை எவ்வளவுன்னு அளந்து 2015ல வந்த பேப்பருக்கு 5154 ஆத்தர், 33 பக்கத்துல 24 பக்கம் வெறும் ஆத்தர் பேரும் இன்ஸ்டிட்யூட் பேரும்தான், சாதாரண ஹெச்-இண்டெக்ஸ் கணக்குல அந்த 5154 பேருக்கும் ஆளுக்கு ஒரு முழு பேப்பர்.

அதுக்காக நம்பரே வேணாம்னு நான் சொல்லல. நம்பர் இல்லன்னா எங்காளு உங்காளுன்னு வேண்டியவங்களுக்கு குடுத்துட்டுப் போயிடுவாங்க, அதையும் பாத்தாச்சு. என்னோட வேண்டுகோள் ஒண்ணுதான். அடுத்த தடவ இந்த மாதிரி லிஸ்ட் வந்து காலேஜ்லேர்ந்து பிரஸ் நோட் அனுப்பினா அப்படியே போட்டுடாம ரிப்போர்ட்டர விட்டு அந்தப் பேராசிரியருக்கு ஒரு போன் அடிக்கச் சொல்லுங்க, நீங்க எழுதினதுல எத பெருசா நெனைக்கிறீங்க, அதுல என்ன கண்டுபிடிச்சீங்க, எங்க வாசகருக்குப் புரியுற மாதிரி சொல்லுங்கன்னு கேக்கச் சொல்லுங்க. லிஸ்ட்ல பேர் வராத டிபார்ட்மென்ட்லயும், ஸ்கோபஸ் எட்டிப் பாக்காத மொழில புத்தகம் எழுதுறவங்ககிட்டயும் அதே கேள்விய கேட்டா இன்னும் நல்லா இருக்கும். பதில் அரைப்பக்கம் வந்தாலும் படிப்போம். ஹெச்-இண்டெக்ஸும் போட்டே ஆகணும்னா எந்த டேட்டாபேஸ், எந்தத் தேதி, சொந்த சைட்டேஷன் சேத்தா கழிச்சான்னு பக்கத்துல அடைப்புக்குள்ள போட்டுடுங்க, இடம் ஒரு வரிக்கு மேல பிடிக்காது.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி நூலகர்