பேரனின் முழங்காலில் பொருக்கு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. பேரன் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான், இப்போது பொருக்கைப் பிய்த்துப் பிய்த்துப் பார்க்கிறான் என்று எழுதியிருந்தாய். படித்ததும் உன் அம்மா ஞாபகம்தான் வந்தது. என் குதிகாலில் அரிவாள் பட்ட அன்று, வரப்பிலிருந்து வெட்டுக்காயப் பூண்டைப் பறித்துக் கசக்கிப் பிழிந்து, தன் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டார்களே. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

"வெளியே வந்தால் உறைகிற ரத்தம் உள்ளே மட்டும் ஏன் உறையாமல் ஓடுகிறது?" என்று பேரன் கேட்டானாம். 32 வருடம் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் பதிலை என்னிடம் விட்டுவிட்டாய். கேள்வி அருமையானது. அவனுக்குப் படித்துக் காட்டு.

ரத்தக் குழாயின் உள்சுவரில் வழவழப்பான மெல்லிய செல் படலம் ஒன்று இருக்கிறது. "ஒட்டாதே, ஓடு" என்று ரத்தத்துக்குச் சொல்லும் பொருள்களை அது விடாமல் சுரந்துகொண்டே இருக்கும். வெட்டுப்பட்டால் அந்தப் படலம் கிழிந்து, அடியிலிருக்கும் கொலாஜன் என்ற புரத நார்களில் ரத்தம் படுகிறது. குழாய் உடனே சுருங்கிக்கொள்ளும். தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டும். டெங்கு காலத்தில் ஊரெல்லாம் பேசிய பிளேட்லெட்தான் அது. ஒரு சொட்டு ரத்தத்தை ஏறக்குறைய ஐம்பது பங்காக்கினால் ஒவ்வொரு பங்கிலும் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். ஆயுள் 7 முதல் 10 நாள்தான். சும்மா இருக்கும்போது தட்டு மாதிரி இருப்பது, காயத்தைத் தொட்டதும் கை கால் முளைத்தது போல நீண்டு, பக்கத்தில் போகிறதையும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும்.

அது முதல் அடைப்பு மட்டும்தான், லேசாக இடித்தாலே பெயர்ந்துவிடும். உறுதி கொடுப்பது ஃபைப்ரின். ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை த்ராம்பின் என்ற நொதி வெட்டிவிட, அது நூல் நூலாகத் திரிந்து வலையாகிறது. தயிருக்கும் ரத்தத்துக்கும் 'உறைதல்' என்று நாம் ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம். உறைந்த ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், வீசிய வலையில் சிவப்பணுக்கள் மீன் போலச் சிக்கிக் கிடக்கும்.

இதை என் கண் முன்னால் காட்டியது ஒரு கண்ணாடிக் குழாய். வயலில் கண்ணாடி விரியன் கடித்து யாராவது வந்தால், 2 மில்லி ரத்தத்தைக் காய்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து, ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்போம். கட்டியாக நின்றால் கொஞ்சம் மூச்சு வரும். தண்ணீராக வழிந்தால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று பொருள். அந்த விஷம் ரத்தத்தை உறையத்தான் வைக்கிறது. கண்ட இடத்தில் உறைய வைத்து ஃபைப்ரினோஜனையெல்லாம் செலவழித்துவிடும். அப்புறம் ஈறிலிருந்து, ஊசி போட்ட இடத்திலிருந்து, எங்கிருந்து கசிந்தாலும் நிறுத்த ஒன்றும் மிச்சம் இருக்காது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி புதுக் குழாய் தீர்ந்துபோய், சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் ஊற்றிவிட்டேன். ரத்தம் உறையவில்லை. ஆள் தெளிவாக இருக்கிறாரே என்று டாக்டர் சந்தேகப்பட்டார். எங்கிருந்தோ புதுக் குழாய் கொண்டுவந்து மறுபடி பார்த்தால் கட்டியாக நின்றது. கண்ணாடியின் பரப்புதான் அந்த உறைதலைத் தொடங்கி வைக்கிறது, சோப்பு அதைக் கெடுத்துவிடுகிறது. தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏற்றியிருப்போம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் பதைக்கிறது.

பேரனுக்கு வருகிறேன். உறைந்த ரத்தத்தின் மேல்பக்கம் காய்ந்து இறுகியதுதான் பொருக்கு. அதற்கு அடியில் காயத்தின் ஓரத்திலிருந்து புதுத் தோல் செல்கள் நடுவை நோக்கி நகர்ந்து வந்துகொண்டிருக்கும். பிய்த்தால் அந்தத் தோலும் சேர்ந்து வரும், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். "ஈரம் படாமல் காற்றாட விடு" என்று நாம் கேட்டு வளர்ந்தோம், இல்லையா? 1962-ல் ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளின் காயத்தில் சோதித்து, மூடி ஈரப்பதத்தோடு வைத்த காயத்தில் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக மூடியதைக் காட்டினார். காய்ந்த பொருக்கு இருந்தால் செல்கள் அதற்கு அடியில் குடைந்துகொண்டு போகவேண்டியிருக்கிறது. அதனால் நல்ல தண்ணீரில் கழுவி, கொஞ்சம் வாசலின் தடவிச் சுத்தமான துணியால் மூடிவிடு. காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ரோட்டில் விழுந்த காயம், டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று அவன் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பார். சீழ் வைத்தாலோ சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடு.

சரி, உன் விஷயம். இதய வால்வு மாற்றியபின் ரத்தம் கட்டாமல் இருக்க நீ போடும் வார்ஃபரின் மாத்திரை எங்கிருந்து வந்தது தெரியுமா? மாட்டுத் தீவனத்திலிருந்து! பூஞ்சை பிடித்த ஸ்வீட் கிளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் சிறு காயத்துக்கே ரத்தம் கொட்டிச் செத்தன. 1933-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, செத்த கிடாரியையும் ஒரு கேன் உறையாத ரத்தத்தையும் தூக்கிக்கொண்டு கொட்டும் பனியில் கார்ல் பால் லிங்க் என்ற உயிர்வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே தொடங்கிய ஆராய்ச்சிதான் வார்ஃபரினில் முடிந்தது. முதலில் எலி மருந்தாக விற்றார்கள், அப்புறம்தான் மனிதருக்கு வந்தது. மாடு வளர்க்கிற உனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கல்லீரல் சில உறைவுப் புரதங்களைச் செய்ய வைட்டமின் கே வேண்டும். மாத்திரை அதைத் தடுக்கிறது, கீரை அதைக் கொடுக்கிறது. கீரையை நிறுத்தாதே. ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருப்பதுதான் தொல்லை, ஒரே அளவாக வைத்துக்கொள். மூட்டு வலி என்று கடையில் கேட்டு மாத்திரை வாங்காதே, எது போடுவதானாலும் டாக்டரைக் கேட்டுப் போடு. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சோதனையைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று நீ எழுதவே இல்லை. ரிப்போர்ட்டை அடுத்த கடிதத்தோடு அனுப்பு.

தை பிறந்ததும் நானும் கமலாவும் வருகிறோம். பேரனிடம் என் குதிகால் தழும்பைக் காட்டவேண்டும்.

அன்புடன்,
ராகவன்