'ஷீட்' என்றால் விரிப்பு அல்ல, கயிறு

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த துருக்கிக் கடற்பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். போத்ரூமிலிருந்து கோகோவா வளைகுடாவுக்குப் பாய்விரித்துப் போவதைத் தமிழில் படிக்கக் கிடைத்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. மொழிபெயர்த்தவருக்கு நன்றி. ஆனால் இரண்டு இடங்களில் படகு நடக்க முடியாத காரியத்தைச் செய்கிறது. சரக்குக் கப்பல்களில் இருபது வருடம் வேலை பார்த்தவன் நான். இஸ்தான்புல்லை ஒட்டிய துஸ்லாவில், கப்பல் பழுதுபார்ப்புக்காக மாதக்கணக்கில் தங்கியும் இருக்கிறேன். அதனால் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

"காற்று பலத்ததும் விரிப்பைத் தளர்த்தினார்கள்" என்று ஒரு வரி. ஆங்கிலத்தில் 'ஷீட்' என்று இருந்திருக்கும். பாய்மரப் படகில் ஷீட் என்பது துணியே இல்லை, கயிறு. பழைய ஆங்கிலத்தில் பாயின் கீழ்மூலைக்கு அந்த மாதிரி ஒரு பெயர் இருந்தது. பிறகு அந்த மூலையில் கட்டிய கயிற்றுக்கு அது போய்விட்டது. துருக்கியில் இதே கயிறு 'இஸ்கோட்டா'. திடீரென்று காற்று அடித்துப் படகு சாயும்போது முதலில் கை போவது இதற்குத்தான். கயிற்றை விட்டால் பாயிலிருந்து காற்று கழன்று படகு நிமிரும். பிடித்துக்கொண்டே இருந்தால் கவிழவும் கூடும். 'விரிப்பு' என்று படிக்கும் வாசகருக்கு இந்த ஆபத்தில் ஒரு துளியும் தெரியாமல் போகிறது.

இரண்டாவது பிழை இன்னும் பெரியது. பாறைகள் தெரிந்ததும் படகோட்டி "துறைமுகத்தை நோக்கித் திருப்பினார்" என்று இருக்கிறது. அந்த இடத்தில் துறைமுகமே கிடையாது. கப்பலில் 'போர்ட்' என்றால் இடப்பக்கம். முன்காலத்தில் ஐரோப்பியக் கப்பல்களின் வலப்பக்கத்தில் பெரிய துடுப்பு ஒன்றைக் கட்டித் திசை திருப்பினார்கள். வலப்பக்கத்தைக் குறிக்கும் 'ஸ்டார்போர்ட்' என்ற சொல் அப்படி வந்தது, நட்சத்திரத்துக்கும் அதற்கும் உறவில்லை. துடுப்பு நசுங்கக்கூடாது என்று இடப்பக்கத்தைத்தான் கரையில் அணைப்பார்கள். அந்தப் பக்கத்துக்கு முதலில் 'லார்போர்ட்' என்று பெயர். புயல் இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்டதால், 1844இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை 'லார்போர்ட்' வேண்டாம், 'போர்ட்' என்றே சொல்லுங்கள் என்று உத்தரவு போட்டது.

துருக்கியர்கள் இடப்பக்கத்தை 'இஸ்கெலெ' என்கிறார்கள். நிலத்தில் அந்தச் சொல்லுக்குப் படகுத்துறை என்று பொருள்! வலப்பக்கம் 'சஞ்ஜாக்', அதாவது கொடி. துஸ்லாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறையின் மூத்த உஸ்தா (தொழில் ஆசான்) ஒருவர் தன் சின்னப் பாய்மரப் படகில் என்னை ஏற்றிக்கொண்டார். "இஸ்கெலெ!" என்று அவர் கத்தியதும் நான் படகுத்துறை எங்கே என்றுதான் தேடினேன். அவர் தன் இடது தோளைத் தட்டிக் காட்டினார். இரண்டு மொழியும் கரையணையும் பக்கத்தை வைத்தே இடப்பக்கத்துக்குப் பெயர் சூட்டியிருப்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கட்டுரையின் முன்னுரையில் இருக்கும் ஒரு கருத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. துருக்கியரின் பாய்மரச் சொற்கள் "எல்லாம் இரவல்" என்கிறது அது. இரவல் நிறைய உண்டு, மறுக்கவில்லை. படகின் முன்பகுதியான முன்னணியம் 'புரூவா', பின்பகுதியான பின்னணியம் 'பூப்பா', இழுத்து ஏற்று என்பதற்கு 'வீரா', இறக்கு என்பதற்கு 'மாய்னா' எல்லாமே இத்தாலியக் கடலோடிகள் வழியாக வந்தவை. இத்தாலியத்திலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் துருக்கிக்கு வந்த கடற்சொற்களை மட்டும் திரட்டி மூன்று அறிஞர்கள் 1958இல் ஒரு தடித்த அகராதியே வெளியிட்டார்கள். ஆனால் வாங்கிய சொல்லை அவர்கள் அந்நியமாக வைத்திருக்கவில்லை. செப்டம்பர் 1 அன்று மீன்பிடித் தடை முடிந்து படகுகள் கிளம்பும்போது "வீரா பிஸ்மில்லா" என்று சொல்லித்தான் கிளம்புகிறார்கள். இங்கே தூத்துக்குடியில் சரக்கை இறக்கும்போது "ஆரியா" என்று குரல் கொடுக்கிறோமே, அது போர்த்துக்கீசியச் சொல். அதனால் நமக்குக் கடல் தெரியாது என்று யாராவது சொல்வார்களா?

அப்புறம், பாய்க்கே துருக்கியில் சொந்தச் சொல் இருக்கிறது: 'யெல்கென்'. 'யெல்' என்றால் காற்று. அதே யெல் 'யெல்கோவான்' என்ற சொல்லிலும் இருக்கிறது, காற்றை விரட்டுவது என்று பொருள். அது பாஸ்பரஸ் நீரிணையில் அலையைத் தொட்டபடி கூட்டம் கூட்டமாகப் பறக்கும் ஒரு கடற்பறவையின் பெயர். பறவையியலாளர்கள் அறிவியல் பெயரிலும் இந்தத் துருக்கிச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். கடிகாரத்தில் நிமிட முள்ளுக்கும் யெல்கோவான் என்றுதான் பெயர், மணி முள்ளுக்குத் தேள். விட்டுக்கொடுத்துப் பணிந்துபோவதை 'பாய்களைத் தண்ணீரில் இறக்கிவிட்டான்' என்பார்கள். வீட்டுச் சுவரில் மாட்டிய கடிகாரம் வரைக்கும் காற்று வந்திருக்கிற மொழியை இரவல் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது நியாயமில்லை.

கட்டுரையில் 'இரட்டை உடல் படகு' என்று வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் 'கேட்டமரான்', துருக்கியில் 'காட்டாமாரான்', இரண்டும் நம் கட்டுமரம்தான். இன்றைய படகு வேறு மாதிரி என்பதால் மொழிபெயர்ப்பு தவறில்லை. ஆனாலும் சொல் எங்கிருந்து போனது என்று ஓரமாக ஒரு வரி போட்டிருந்தால் தமிழ் வாசகர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

கட்டுரை அடுத்த இதழிலும் தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் காற்றின் பெயர்கள் வரும் என்று எதிர்பார்க்கிறேன். தென்மேற்கிலிருந்து வரும் 'லொடோஸ்' பலமாக அடித்தால் இஸ்தான்புல்லில் படகுப் போக்குவரத்தே நின்றுவிடும். வடகிழக்கிலிருந்து 'போய்ராஸ்', வடமேற்கிலிருந்து 'காராயெல்', அதாவது கருங்காற்று. தென்கிழக்குக் காற்றுக்கு 'கெஷிஷ்லெமெ' என்று பெயர். இஸ்தான்புல்லிலிருந்து பார்த்தால் அது வரும் திசையில் இருக்கும் உலுதா மலைக்கு முன்பு துறவி மலை என்று பெயர், அதிலிருந்து வந்தது. தயவுசெய்து இவற்றையெல்லாம் வெறும் 'தென்மேற்குக் காற்று', 'வடகிழக்குக் காற்று' என்று ஆக்கிவிடாதீர்கள். வாடையையும் கொண்டலையும் பெயர் சொல்லி அழைத்தவர்கள் நாம். அந்தப் பெயர்களை அப்படியே விட்டு, திசையை மட்டும் பக்கத்தில் ஒரு முறை சொன்னால் போதும். 'விரிப்பு', 'துறைமுகம்' இரண்டுக்கும் அதே இதழில் ஒரு சின்னத் திருத்தம் போட்டால் நன்றியோடு இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி