டெனோஃபோவிர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வழக்கறிஞர்களுக்கு,

வணக்கம். எச்.ஐ.வி தொற்றுடன் வாழ்பவர்களுக்கு மருந்து குறித்து ஆலோசனை சொல்லும் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன் நான். எச்.ஐ.வி கிருமியை அடக்கத் தரப்படும் டெனோஃபோவிர் மருந்தால் சிறுநீரகமோ எலும்போ பழுதடைந்தவர்களுக்காக நீங்கள் நடத்தும் இழப்பீட்டு வழக்குகள் நியாயமானவை என்றே கருதுகிறேன். அந்த வழக்குகளில் சேர ஆட்களை அழைத்து நீங்கள் வெளியிடும் விளம்பரங்களைப் பற்றித்தான் இந்த மடல்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி, ஐம்பது வயதைத் தொடுமுன்பே, மாடிப்படி ஏறும்போது இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பற்றிக்கொள்வார். ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் ஊன்றி நின்று, மூச்சு வாங்கிக்கொண்ட பிறகே அடுத்த படிக்குக் காலெடுத்து வைப்பார். வயதாகிறது, உடல் பருத்துவிட்டது என்று தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டதிலேயே மூன்று ஆண்டுகள் போய்விட்டன. இரத்தத்தில் சர்க்கரை சரியான அளவில் இருக்க, சிறுநீரில் மட்டும் சர்க்கரை இறங்குவதை ஒரு மருத்துவர் கவனித்த பிறகுதான் காரணம் வெளிப்பட்டது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் உள்ள செல்களுக்குள் இந்த மருந்து சேர்ந்து அவற்றைப் பழுதாக்கும்போது, உடல் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய சர்க்கரையும் பாஸ்பேட்டும் சிறுநீரோடு போய்விடுகின்றன. பாஸ்பேட் குறையக் குறைய எலும்பு மென்மையாகி, உள்ளுக்குள் வலிக்கத் தொடங்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு இந்த நிலை வருவதில்லை. வந்தவர்களோ இழந்த எலும்பு வலுவோடு இழந்த ஆண்டுகளுக்கும் கணக்குக் கேட்க உரிமை உள்ளவர்கள்.

உங்கள் வழக்கின் அடித்தளம் என்ன என்பது எனக்குத் தெரியும். டி.டி.எஃப் எனப்படும் பழைய வடிவ டெனோஃபோவிர், அமெரிக்காவில் 2001 அக்டோபரில் அனுமதி பெற்றது. அதே மருந்தைச் செல்லுக்குள் போன பிறகே பிரியும்படி அமைத்த டி.ஏ.எஃப், கூட்டு மாத்திரையாக 2015 நவம்பரில்தான் அனுமதி பெற்றது. முன்னதில் 300 மில்லிகிராம் செய்யும் வேலையைப் பின்னதில் 25 மில்லிகிராமும், சில கூட்டு மாத்திரைகளில் வெறும் 10 மில்லிகிராமும் செய்துவிடுகின்றன. இரத்தத்தில் கலந்திருக்கும் டெனோஃபோவிரின் அளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்துவிடுவதால், சிறுநீரகத்தின் மீதும் எலும்பின் மீதும் விழும் சுமையும் குறைகிறது. இரண்டு வடிவங்களையும் உருவாக்கிய கிலியட் நிறுவனம் இந்தப் புதிய வடிவத்தின் ஆய்வை 2004-இல் நிறுத்தியது. பழைய மருந்தின் வருவாயைக் காக்கவே அப்படிச் செய்தது என்பது உங்கள் குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுக்கிறது. சுமார் 24,000 பேர் வாதிகளாக இருந்த அந்த வழக்கில், கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜனவரியில் தீர்ப்பளித்தது. மருந்து குறைபாடுடையது என்று நிரூபிக்காமலேயே, கவனக்குறைவு என்ற அடிப்படையில் வாதிகள் வழக்கைத் தொடரலாம் என்பதே அந்தத் தீர்ப்பு. நிறுவனம் அதை எதிர்த்து மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

தீர்ப்பின் இந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். மருந்து குறைபாடுடையது என்று நிரூபிக்க வாதிகள் அங்கே முனையவில்லை. இதைவிடப் பாதுகாப்பான மருந்து கையில் இருக்கிறது என்று தெரிந்தும் ஏன் தாமதித்தீர்கள் என்பதே அவர்களுடைய கேள்வி. நீதிமன்றத்தில் இவ்வளவு கவனமாகப் பிரித்து வைக்கப்பட்ட இந்த வேறுபாட்டை நான் பார்த்த விளம்பரங்கள் எதிலும் காணோம். "இந்த மாத்திரைகளை எடுத்துக்கொள்கிறீர்களா? உங்கள் சிறுநீரகம் செயலிழக்கலாம்" என்ற வகையில் பெரிய எழுத்துகள், கீழே ஒரு தொலைபேசி எண், அவ்வளவுதான். மருத்துவரைக் கேளுங்கள் என்ற குறிப்பு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கிறது.

அப்படி ஒரு விளம்பரத்தைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொண்டு ஒருவர் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். முப்பது மாத்திரை கொண்ட குப்பியைத் திறந்து இருபத்தைந்து நாட்களாகியிருந்தன. ஐந்து மாத்திரைகள் மீதமிருக்க வேண்டும். மேசையில் கொட்டி இருவரும் சேர்ந்து எண்ணினோம். இருபத்திரண்டு இருந்தன. "இவ்வளவு பேர் கேஸ் போட்டிருக்காங்கன்னா இது விஷம்தானே, சார்? நான் ஏன் தெரிஞ்சே முழுங்கணும்?" என்று கேட்டார். பதினேழு நாட்கள் அவர் மருந்தைத் தொடவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவுமில்லை. அவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் உண்டு. டெனோஃபோவிர் அந்தக் கிருமியையும் அடக்கி வைக்கும் மருந்து. திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கடுமையாகத் திரும்பி வரலாம் என்று மருந்தின் தகவல் தாளிலேயே கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கை உங்கள் விளம்பரத்துக்குள் வரவில்லை.

நிறுத்தினால் சிறுநீரகமாவது பிழைக்கும் என்று அவர் நம்பினார். 2006-இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வு இதற்கு நேரெதிரானதைக் காட்டியது. 5,472 பேரைக் கொண்ட அந்த ஆய்வில், சிகிச்சையை இடையிடையே நிறுத்தியவர்களுக்குச் சந்தர்ப்பவாத நோயோ (எதிர்ப்பாற்றல் குன்றும்போது தொற்றும் நோய்) மரணமோ நேரும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கும் மேல் கூடியது. அதோடு நிற்காமல், இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் கடும் நோய்களும் அவர்களிடம்தான் அதிகம். கட்டுப்பாடு இல்லாமல் பெருகும் கிருமியே சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதை உங்கள் விளம்பரத்தைப் பார்த்து அஞ்சும் ஒருவர் எப்படி அறிவார்?

இது என் ஒருவனுடைய அனுபவம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்காவில் 2019-இல், முகநூலில் பரவிய இத்தகைய விளம்பரங்களால் எச்.ஐ.வி தொற்று வராமலிருக்க எடுக்கும், டெனோஃபோவிர் அடங்கிய முன்தடுப்பு மருந்தை எடுக்கவே மக்கள் அஞ்சுகிறார்கள் என்று எச்.ஐ.வி தடுப்புப் பணியில் உள்ள அமைப்புகள் முறையிட்டன. ஆண்டு முடியும் தறுவாயில் முகநூல் நிறுவனம் அவற்றில் சிலவற்றை நீக்கியது. விளம்பரம் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கலிபோர்னியாவில் உடல் பாதிப்புக்கு வழக்குத் தொடுக்கும் காலவரம்பு இரண்டே ஆண்டுகள். பாதிப்புக்கு மருந்துதான் காரணம் என்று சந்தேகிக்கவே வழியில்லாதவர்களுக்கு, அந்தக் கெடு தவறிப்போகாமல் இருக்க யாராவது சொல்லத்தான் வேண்டும். படிப்படியாக ஏறிய அந்தப் பெண்மணிக்கு அதை யாரும் சொல்லவில்லை.

ஆகவே கேட்கிறேன்: "மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்ற வரியை, "உங்களுக்கு இழப்பீடு கிடைக்கலாம்" என்ற வரியின் அதே எழுத்தளவில், அதற்கு மேலே போடுங்கள். மருந்தை நிறுத்துவது வழக்கில் சேர்வதற்கான நிபந்தனை அன்று என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் இரத்த அளவு), சிறுநீர்ப் பரிசோதனை முடிவுகளைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தும்படி சொல்லுங்கள். அது உங்கள் வழக்குக்கும் பயன்படும், மருந்தை மாற்றலாமா என்று முடிவு செய்யும் மருத்துவருக்கும் பயன்படும். பெயர் வெளியே தெரிந்துவிடுமோ என்ற அச்சம் இந்த நோயாளிகளுக்கு எப்போதும் உண்டு. அழைப்பவரின் விவரங்கள் யார் யார் கைக்குப் போகும் என்பதை முதல் அழைப்பிலேயே தெரிவித்துவிடுங்கள்.

குப்பியோடு வந்தவர் அன்றே மருத்துவரைப் பார்த்தார். பழைய பரிசோதனைத் தாள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, கிரியேட்டினின் நான்கு ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக ஏறி வந்திருப்பது தெரிந்தது. அவருடைய அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஹெபடைட்டிஸ் பி-யையும் மனத்தில் வைத்து, மருத்துவர் அவரை டி.ஏ.எஃப் உள்ள மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார். வழக்கில் சேர அவர் இப்போதும் விரும்புகிறார். விளம்பரத்தில் இருந்த எண்ணை நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அழைக்கும்போது, எந்த ஆண்டிலிருந்து மருந்து எடுத்தீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், இன்று மாத்திரை போட்டுக்கொண்டீர்களா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
எச்.ஐ.வி சிகிச்சை ஆலோசகர் ஒருவர்