பனந்தோப்பில் வீடு

உச்சிப்புளி,
22 பிப்ரவரி 2026

அன்புள்ள சேதுவுக்கு,

உன் ஏழு பக்கக் கடிதம் வந்து பத்து வாரம் ஆகிவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்திருந்தபோது இடக்கையால் ஏழு பக்கம் எழுதியவனுக்கு, இரண்டு கையும் நன்றாக இருக்கிற நான் இரண்டு வரிகூட எழுதவில்லை. மாவுக்கட்டைப் பிரித்திருப்பார்கள் என்று நம்புகிறேன். தங்கச்சியையும் பேத்தியையும் விசாரித்ததாகச் சொல். இங்கே எல்லோரும் நலம். கட்டையன் மகள் கல்யாணம் தை மாதம் நல்லபடியாக முடிந்தது. நீ அனுப்பிய பணத்தை உன் பெயரிலேயே மொய் எழுதிவிட்டேன். பெரியத்தை பந்தியில் உட்கார்ந்துகொண்டு, “அந்த ஐஸ் பெட்டிப் பயல் வரவில்லையா?” என்று ஊருக்கே கேட்கும்படி விசாரித்தார். யாரையும் கேட்காமல் நீ செய்த அந்த ஐஸ் பெட்டி வேலையை இத்தனை வருடமாகியும் அவர் மன்னிக்கவில்லை.

நான் எழுதாமல் இருந்ததற்குச் சோம்பலைக் காரணம் சொன்னால் நீ நம்பிவிடுவாய். அதனால் உண்மையையே சொல்லிவிடுகிறேன். கனடாப் பனியை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடலாமா, அப்பாவின் பனந்தோப்பில் கடலைப் பார்த்து ஒரு வீடு கட்டினால் என்ன, யோசித்து நேர்மையாகச் சொல் என்று கேட்டிருந்தாய். மூன்று முறை பதில் எழுதினேன். மூன்றையும் “உடனே புறப்பட்டு வா” என்றே முடித்திருந்தேன். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது, மீன்காரம்மா தன் கூடை மீனுக்குச் சாட்சி சொல்வது போலிருந்தது. கட்டையனும் மகனோடு சென்னைக்குப் போய்விட்ட பிறகு, சாயங்காலம் ரயில் நிலையப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார ஆளில்லை. புதிய பாம்பன் பாலம் சென்ற ஏப்ரலில் திறந்ததிலிருந்து ராமேசுவரம் வண்டிகள் பழையபடி கடலைத் தாண்டிப் போய்வருகின்றன. அவற்றை நான் ஒருவனாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவனிடமே நீ தீர்ப்புக் கேட்டிருக்கிறாய் என்பதை உணர்வதற்கே எனக்கு இத்தனை நாள் பிடித்தது.

முதலில் வெயிலைப் பேசிவிடுகிறேன். நீ வினிப்பெக்குக்குப் போன 24 வருடத்தில் ஆறு முறை ஊருக்கு வந்திருக்கிறாய், ஆறு முறையும் டிசம்பர், ஜனவரியில்தான். வாடைக்காற்று அடிக்கும், மழை விட்டிருக்கும், கண்மாயில் தண்ணீர் நிற்கும், ராத்திரி நீ போர்வை கேட்பாய். அந்த ஊரை வைத்துக்கொண்டு இந்த ஊரைப் பற்றி முடிவெடுக்காதே. தனுஷ்கோடிப் பக்கம் குளிர்காலத்தில் வந்து இறங்குகிற பூநாரைகள்கூட வெயில் ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிடுகின்றன.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. மைனஸ் 40-இல் சென்டிகிரேடும் பாரன்ஹீட்டும் ஒன்றாகிவிடும் என்றும், கார் எஞ்சினுக்கே ராத்திரி முழுவதும் மின்சாரம் கொடுத்துச் சூடாக வைத்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். ஆனால் உன் உடம்பு குளிரில் வாழவில்லை. வீட்டில் 21 டிகிரி, அலுவலகத்தில் 21, கடையில் 21. இடையில் வாசலுக்கும் காருக்கும் நடுவே நான்கு எட்டு மட்டும்தான் மைனஸ் 30. குளிரைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைக்கத் தெரிந்த ஊரில் இருந்தவன் நீ. இங்கே வெயிலுக்குக் கதவைச் சாத்தினால் காற்றும் நின்றுபோகும். வெயிலோடு சேர்ந்துதான் குடியிருக்க வேண்டும். மதுரைக்காரர்கள் 40 டிகிரி என்று அலறுகிற நாளில் பாம்பனில் 34, 35-தான் இருக்கும். அதைக் கேட்டு ஏமாந்துவிடாதே. மதுரையில் வியர்வை காய்கிறது, இங்கே வழிகிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், வழிந்தால் சட்டைதான் நனையும். மே மாத ராத்திரிகளில் 27 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது என்பதால், பகலில் பட்டதை உடம்பு ராத்திரியிலும் ஆற்றிக்கொள்ள முடிவதில்லை. புது வெயிலுக்கு உடம்பு பழக ஏறக்குறைய இரண்டு வாரம் போதும் என்பார்கள். ஆனால் 63 வயதில் தாகம் தெரிவதே குறைந்துவிடுகிறது, நீ போடுகிற ரத்த அழுத்த மாத்திரையோ உடம்பிலிருந்து நீரை வெளியேற்றும் வகை. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கே போன சித்திரையில் சரியாகத் தண்ணீர் குடிக்காமல் அலைந்ததில் சிறுநீரகத்தில் கல் வந்து, ஒரு ராத்திரி முழுவதும் தரையில் புழுவாய்த் துடித்தேன். மூட்டுவலி வெயிலில் பறந்துவிடும் என்று எழுதியிருக்கிறாயே, என் வலது முழங்கால் 30 டிகிரியிலும் படியேற மறுக்கிறது.

இவ்வளவையும் நீ சமாளித்துக்கொள்வாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என்னைப் பத்து வாரம் பேசவிடாமல் செய்தது வேறு.

போன வியாழக்கிழமை காலையில் மண்வெட்டியும் ஒரு காலிப் பாட்டிலும் எடுத்துக்கொண்டு உன் தோப்புக்குப் போனேன். வேலி இருந்த இடத்தில் சீமைக்கருவேலம் தானே வேலியாகிவிட்டது. அறுபது பனையில் நாற்பதுக்கு மேல் நிற்கின்றன. ஏற ஆளில்லாததால் காய்ந்த மட்டைகள் உரிக்கப்படாமல் தாடிபோல் தொங்குகின்றன. உன் அம்மா ஊற்றுத் தோண்டுகிற இடம் உனக்கு மறந்திருக்காது; தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் தாழம்புதர் ஓரத்துப் பள்ளம். இடுப்பளவு தோண்டியதும் மணல் ஓரங்களிலிருந்து தண்ணீர் கசிந்து கூடும். அடி மணல் கலங்காதபடி சிரட்டையை மேலாகச் சாய்த்து, ஒவ்வொரு சிரட்டையாக மொண்டு அவர் குடத்தை நிரப்புவார். கூப்பிடு தூரத்தில் அலை அடித்துக்கொண்டிருக்க, அந்தத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். அதே பள்ளத்தில் அதே ஆழம் தோண்டினேன். எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. தண்ணீர் ஊறியது. சிரட்டைக்குப் பதில் பாட்டில் மூடியால் மொண்டு வாயில் விட்டேன். விட்ட வேகத்தில் துப்பினேன்.

குடிநீர்த் துறையில் 31 வருடம் குப்பை கொட்டியவனுக்கு நாக்கே போதும். இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து மீட்டரை வைத்துப் பார்த்தேன். லிட்டருக்கு 4,300 மில்லிகிராம் உப்பு. இந்தியத் தர அளவின்படி குடிநீரில் 500 வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கடல்நீரில் 35,000 அளவில் இருக்கும். உன் அம்மாவின் ஊற்று இப்போது கடலும் இல்லை, கிணறும் இல்லை.

இது எப்படி நடந்தது என்பதை நான் விளக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் எனக்குப் பங்கு உண்டு. நம் கரையில் மழைநீர் மணலில் இறங்கி, அடியிலிருக்கும் உப்புநீரின் மேல் எண்ணெய் மாதிரி மிதந்து நிற்கிறது. நன்னீர் எடை குறைந்தது என்பதால் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீரே இருக்கும். கணக்கைத் திருப்பிப் போட்டால், மேலே ஓர் அடியை உறிஞ்சிவிட்டால் கீழிருந்து 40 அடி உப்பு ஏறிவிடும். சிரட்டையால் மொண்டவர்கள் மேல் தண்ணீரை மட்டும் எடுத்தார்கள். மோட்டார் அடியிலிருந்து இழுக்கிறது. உன் தோப்புக்கு மேற்கே ஒரு விடுதிக்காக ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். நான் ஓய்வு பெற்ற புதிது. தெரிந்தவர் கேட்டார் என்று போய், மூலையைச் சுட்டிக்காட்டி “இங்கே போடுங்கள், நல்ல தண்ணீர் கிடைக்கும்” என்று சொன்னவன் நான்தான். நல்ல தண்ணீர்தான் கிடைத்தது, நான்கு வருடம். அதன் பிறகு அவர்கள் லாரித் தண்ணீருக்கு மாறிக்கொண்டார்கள். நான் இந்தக் கணக்கைத் தெரியாமல் செய்யவில்லை, சேது. தெரிந்துதான் செய்தேன், ஒரு கிணறுதானே என்று நினைத்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் “வா” என்று எழுத முடியவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை.

காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் தோப்பு வரை வரவில்லை. வந்தாலும் அங்கே வீடு கட்டுவது லேசில்லை. கடலின் ஏற்ற எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் பொருந்தும்; கிராமப்புறத்தில் 200 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்குப் பெரும்பாலும் அனுமதி கிடைப்பதில்லை, உன் தோப்பில் முக்கால் பங்கு அதற்குள் வருகிறது. பக்கத்துப் புஞ்சையையும் சேர்த்து வாங்கும் யோசனையை விட்டுவிடு. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள், இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டையை வைத்து விவசாய நிலம் வாங்க முடியாது. அப்பா வழியில் வந்ததை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எல்லாவற்றையும் மீறிக் கட்டினாலும், உப்புக்காற்றுப் பட்டு கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி துருப்பிடித்துப் பெருத்து, காரையைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கீழக்கரைப் பழைய வீடுகள் பவளப் பாறையில் வெட்டிய முருகைக்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கின்றன, அவற்றுக்குள் துருப்பிடிக்கக் கம்பியே இல்லை. ஆனால் பவளப் பாறையை இன்று எடுத்தால் நம்மைச் சிறையில்தான் குடிவைப்பார்கள்.

இன்னும் ஒன்றை யோசித்துப் பார். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி என்ன ஆனது என்பதைக் கண்ணால் பார்த்தவர் உன் தாத்தா. தோப்பு அவருடையது, கடலும் கண்ணெதிரே இருந்தது, ஆனாலும் அவர் அங்கே ஒரு குடிசைகூடப் போடவில்லை. பனைக்குத் தோப்பு, மனிதருக்குத் தெரு என்று பிரித்துவிட்டு ஊருக்குள்தான் வீடு கட்டினார்.

உன் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பனியில் வழுக்கி விழுந்ததைக் கேலியாகவே எழுதிக்கொண்டு வந்து, நடுவில் ஒரு வரி: இருபது நிமிடம் அந்தத் தெருவில் கிடந்தேன், ஒருவரும் வரவில்லை. அடுத்த வரியிலேயே வெயிலுக்குத் தாவிவிட்டாய். நீ ஏங்குவது வெயிலுக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. உச்சிப்புளிக் கடைத்தெருவில் நீ விழுந்தால் ஒரு நிமிடத்தில் பத்துப் பேர் கூடிவிடுவார்கள், அதில் எட்டுப் பேர் உன் நடைதான் தப்பு என்று சொல்வார்கள், ஒருவர் சோடா உடைப்பார். ஆனால் பனந்தோப்பில் விழுந்தால் அங்கேயும் இருபது நிமிடம்தான், ஒருவேளை இரண்டு மணி நேரம். பக்கத்து வீடு அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நடுவில் முள்ளுக்காடு. ஆளுக்காக வருகிறவன் ஆளில்லாத இடத்தில் போய் ஏன் வீடு கட்ட வேண்டும்?

பணக் கணக்கை நீ என்னைவிட நன்றாகப் போடுவாய். 20 வருடத்துக்கு மேல் அங்கே இருந்துவிட்டதால் 65-க்குப் பிறகு வருகிற முதியோர் உதவித்தொகை நீ எங்கே இருந்தாலும் வரும். மருத்துவ அட்டை நிலைக்க வேண்டுமானால் வருடத்தில் பாதியாவது அங்கே இருக்க வேண்டும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதை விட்டுவிடாதே. ராமநாதபுரத்தில் 2022-இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உண்மைதான்; ஆனாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் இன்னும் பலர் மதுரைக்குத்தான் ஓடுகிறார்கள், இங்கிருந்து 120 கிலோமீட்டருக்குக் குறையாது.

அப்புறம், ஏழு பக்கத்தில் தங்கச்சி என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரியும் இல்லையே? பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது அவள்தான் என்று முந்தைய கடிதத்தில் எழுதியிருந்தாய். அவளிடம் இன்னும் கேட்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஐஸ் பெட்டி விஷயத்திலும் நீ யாரையும் கேட்கவில்லை.

எனவே நான்காவது பதில் இது. கட்டையன் வீட்டு மாடி காலியாக இருக்கிறது, சாவி என்னிடம்தான். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். குடிக்கக் குடம் 10 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளலாம். அக்கினி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கும், அதற்கு முன்பே வந்துவிடு, ஒரு மாதமாவது இரு. கச்சான் காற்று மணலை வாரித் தெருவில் போடுவதையும், ராத்திரி இரண்டு மணிக்கு மின்சாரம் போவதையும் ஒருமுறை அனுபவி. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் போகாது என்பதால் நீ கனவு காண்கிற சீலா மீன் கிடைப்பது அரிது, நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதைச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். மாத்திரையைப் பற்றி அங்கே டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள். தங்கச்சியையும் கூட்டி வா. திரும்பிப் போகும் தேதியையும் சேர்த்தே டிக்கெட் எடு, பனி பூட்சை யாருக்கும் கொடுத்துவிடாதே.

ஊற்றுத் தண்ணீர்ப் பாட்டில் என் ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. மூடி சரியாகப் பொருந்தாததால் வாயோரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது. நீ வரும்வரை அதைக் கொட்ட மாட்டேன்.

என்றும் உன்,
முருகேசன்