ஒதுக்கீட்டு ஆணையில் இன்னொரு எண்ணையும் அச்சிடுங்கள்

தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும், சுயநிதிக் கல்லூரிகளுக்கான கட்டண நிர்ணயக் குழுவுக்கும்,

வணக்கம்.

உங்கள் பொறியியல் கலந்தாய்வைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்ட இடம் கிடைக்காத ஆத்திரத்தில் எழுதுகிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று இருநூறுக்குப் போடும் கட்-ஆஃபில், என் மார்க்குக்கு என்ன வர வேண்டுமோ அதுதான் வந்தது. ஆரணியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கல்லூரிகளை வரிசைப்படுத்தினேன். டென்டேட்டிவ் அலாட்மென்ட், அதாவது தற்காலிக ஒதுக்கீடு வந்தது, உறுதி செய்தேன், ஆணை வந்தது. அப்பா யாரிடமும் சிபாரிசுக்குப் போய் நிற்கவில்லை. 1997-ல் ஒற்றைச் சாளர முறை வந்ததும் 2007-ல் நுழைவுத் தேர்வு போனதும் என்னைப் போன்ற நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்த உபகாரத்தை நான் மறுக்க மாட்டேன்.

என் பேச்செல்லாம் அந்த ஆணையைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போன பிறகு நடந்ததைப் பற்றித்தான். அதற்குப் பிறகு உங்கள் ஆள் யாரையும் நாங்கள் பார்க்கவில்லை.

எனக்குக் கிடைத்தது இ.சி.இ., அதாவது மின்னணு, தொடர்பியல் பொறியியல். தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெறாத பாடப்பிரிவு என்பதால் அரசு ஒதுக்கீட்டுக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாய். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் பட்டதாரி சலுகையில் 25,000 கழிந்துவிடும். மீதி 25,000. அப்பா பட்டு முதலாளியிடம் முன்பணம் வாங்கி, அதை மஞ்சள் பையில் வைத்து, கூடவே வழிச்செலவுக்கும் டிபனுக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கவுன்டரில் இருந்த நிர்வாக அலுவலர், ஏ.ஓ., ஆணையை வாங்கிப் பார்த்தார். "கவர்மென்ட் கோட்டா, ஃபர்ஸ்ட் கிராஜுவேட்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் மேசை டிராயரைத் திறந்து ஓர் இளநீலத் தாளை எடுத்து நீட்டினார். கல்லூரிப் பெயர் இல்லை, முத்திரை இல்லை, கையெழுத்து இல்லை. டியூஷன் 25,000. பஸ் 34,000. பிளேஸ்மென்ட் ட்ரெயினிங் 15,000. வேல்யூ ஆடட் கோர்ஸ் 8,000. லேப், லைப்ரரி, இன்டர்நெட் 6,500. யூனிபார்ம், புத்தகம் 8,000. கூட்டினால் 96,500.

அப்பா தாளை இரண்டு தரம் படித்துவிட்டு, "சார், ஆர்டர்ல இவ்ளோதானே போட்டிருக்கு?" என்று ஆணையைக் காட்டினார்.

"அது கவர்மென்ட்டுக்குங்க. இது காலேஜுக்கு" என்றார் ஏ.ஓ. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தினமும் ஐம்பது பேருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். "லாஸ்ட் டேட் எப்போன்னு ஆர்டர்லயே இருக்கு பாருங்க. சேர்றீங்களா, அடுத்தவங்கள வரச் சொல்லவா?"

குறித்த நாளுக்குள் சேராவிட்டால் இடம் ரத்து என்பது நீங்கள் வைத்த விதி. வேறு வழியில்லை, காலியிடம் நிரப்ப அந்த விதி வேண்டும் என்பதும் புரிகிறது. ஆனால் அந்தக் காலக்கெடுதான் கவுன்டரில் அவர்கள் கையில் இருக்கிற ஆயுதம். கெடு உங்களுடையது, மிரட்டல் அவர்களுடையது.

அன்று கையில் இருந்த பணத்தைக் கட்டினோம். மீதிக்கு அம்மாவின் தோடு போயிற்று. ரசீதுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லூரிப் பெயரில் கணினியில் அடித்த ரசீது ஒன்று, சரியாக 25,000-க்கு. நீங்கள் எப்போது வந்து கேட்டாலும் அதைத்தான் காட்டுவார்கள். பஸ்ஸுக்குக் கையால் எழுதிய துண்டுச் சீட்டு. ட்ரெயினிங்குக்கும் கோர்ஸுக்கும் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளையின் பெயரில் பில் புக்கிலிருந்து கிழித்த ரசீது, அதில் 'நன்கொடை' என்று அச்சடித்திருக்கிறது. நன்கொடை கொடுக்கிற நிலையில் அப்பா இருந்திருந்தால் வீட்டில் இன்னொரு தறி போட்டிருப்பார். லேப், லைப்ரரி கணக்குக்கு ரசீதே கிடையாது.

கட்டண நிர்ணயக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. சேர்க்கை, ஆய்வகம், நூலகம், இணையம், விளையாட்டு எல்லாம் நீங்கள் நிர்ணயிக்கும் தொகைக்குள்ளேயே அடக்கம். அதற்கு மேல் வாங்கினால் அது கட்டாய நன்கொடை. கட்டாய நன்கொடையைத் தடுக்க 1992-லேயே இந்த மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. கல்வி நிலையம் நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், லாபவேட்டை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் சொன்னது, 2005-ல் இனாம்தார் வழக்கிலும் சொன்னது. 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கத் தொடங்கியபோதும் அறக்கட்டளைகளுக்குத்தான் கொடுத்தார்கள். ஆகக் காகிதத்தில் பார்த்தால் தமிழ்நாட்டில் லாபத்துக்கு நடக்கும் பொறியியல் கல்லூரி ஒன்றுகூட இல்லை! எங்கள் சேர்மனின் கார் வளாகத்துக்குள் நுழையும்போது இந்த உண்மையை நினைத்துக்கொள்வேன்.

சான்றிதழ் விஷயம் அடுத்தது. டி.சி. கேட்டார்கள், அது முறைதான். கூடவே பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றின் ஒரிஜினலையும் வாங்கி ஒரு கவரில் போட்டு, மேலே என் விண்ணப்ப எண்ணை எழுதிப் பீரோவில் வைத்தார்கள். எதற்கு என்றால் "வெரிஃபிகேஷன்". நீங்கள்தான் கலந்தாய்வுக்கு முன்பே எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்துவிட்டீர்களே. ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதி இருக்கிறது, பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யும் 2018 அக்டோபரில் அறிவிக்கை போட்டது. என் வகுப்பில் ஒருத்திக்கு அரசுக் கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவள் அந்தக் கவரைக் கேட்டபோது, நாலு வருடக் கட்டணத்தையும் கட்டிவிட்டு எடுத்துப் போகச் சொன்னார்கள். அவள் இன்னும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கெமிஸ்ட்ரி வகுப்பில் டி.என்.பி.எஸ்.சி. புத்தகம் படிக்கிறாள்.

கெமிஸ்ட்ரி எடுக்கும் மேடத்தை எனக்கு முன்பே தெரியும். பிளஸ் டூ ரிசல்ட் வரும் முன்னே எங்கள் தெருவுக்கு வந்தவர் அவர். வெயிலில் வந்து திண்ணையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, பளபளப்பான ஒரு பிரோஷரை விரித்து, "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்மா" என்று சொன்னார். ஒவ்வொரு ஆசிரியரும் இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று டார்கெட் உண்டாம். சேர்க்காவிட்டால் சம்பளம் நிற்குமாம். எம்.எஸ்சி., பிஎச்.டி. முடித்தவரைச் சீட்டுப் பிடிக்கிற ஏஜென்ட் போலத் தெருத்தெருவாக அலையவிட்டிருக்கிறார்கள். நன்றாகத்தான் பாடம் நடத்துகிறார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. என்னை வகுப்பில் பார்த்த முதல் நாள் அவர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் ஆண்டில் வருகிறவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி தர வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ.யின் ஏற்பாடு. கிராமத்திலிருந்து வரும் பிள்ளைக்குக் கூச்சம் போக, தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் பழக, யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். எங்களுக்கு அது ஆடிட்டோரியத்தில் நடந்தது. சேர்மன் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொன்னார். கோட்டு போட்ட ஒருவர் வந்து எங்களைக் கண்ணை மூடச் சொல்லி அம்மா அப்பாவை நினைத்து அழச் சொன்னார். பாதிப் பேர் அழுதோம், காசு கட்டின விதம் அப்படி. பிறகு அபராதப் பட்டியல் வாசித்தார்கள். ஐ.டி. கார்டு இல்லையென்றால் இவ்வளவு, ஷூ இல்லையென்றால் இவ்வளவு, தாடிக்கு இவ்வளவு. பையன்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. பஸ்ஸிலும் அப்படித்தான்.

கம்ப்யூட்டர் மொழியான பைதான் பழகும் லேபைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் செமஸ்டரில் எங்களுக்குப் புதிதாக இருந்ததும் ஆசையாக இருந்ததும் அதுதான். அறுபது பேர் உள்ளே போவோம். சிஸ்டம் வரிசையாக இருக்கும், ஓடுவது பாதிகூட இல்லை. மூன்று பேருக்கு ஒன்று. நடுவில் உட்காருகிறவள் டைப் செய்வாள், இரண்டு பக்கமும் இருப்பவர்கள் பார்ப்பார்கள். அதற்குள் மணி அடித்துவிடும். ஆனால் எங்கள் ரெக்கார்டு நோட்டைப் பாருங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். வலது பக்கம் நீல மையில் புரோகிராம், இடது பக்கம் பென்சிலில் அவுட்புட். ஓடாத புரோகிராமுக்கு அவுட்புட் எங்கிருந்து வந்தது என்றால், சீனியர் நோட்டிலிருந்து. போன வருடம் அவர்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் கையெழுத்து இருக்கிறது.

கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்டால் அது வேறு கதை. கால அட்டவணையில் இருக்கும் பெயர் ஒன்று, வகுப்புக்கு வருகிறவர் இன்னொருவர். டிபார்ட்மென்ட் வராந்தாவில் முனைவர் பட்டத்தோடு பெயர்ப்பலகை தொங்கும் அறைகளில் இரண்டு பூட்டியே கிடக்கின்றன. இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. நான் பிரவுசிங் சென்டரில் கல்லூரிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த அதே 2024 ஜூலையில்தான் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. 224 பொறியியல் கல்லூரிகளில் 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்கில் இருந்தார்கள் என்று. அண்ணா பல்கலைக்கழகமும் மறுக்கவில்லை, விசாரிக்கக் குழு போட்டது. செய்தியைப் பார்த்தபோது இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம் என்று கடந்துபோனேன். இப்போது அந்தப் பூட்டிய அறைகளைத் தாண்டித்தான் தினமும் வகுப்புக்குப் போகிறேன்.

இவ்வளவையும் புகாராக எழுதிப் பெயர் போட்டு அனுப்பலாமே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு தாளிலும் நூற்றுக்கு 40 மதிப்பெண் இன்டர்னல், செய்முறை என்றால் 60. அது கல்லூரி கையில் இருக்கிறது. நாலு வருடம் அங்கேதான் படிக்க வேண்டும். அதனால்தான் கல்லூரிப் பெயரையும் என் பெயரையும் சொல்லவில்லை. புகார்ப் பெட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தால் பெட்டி காலியாகத்தான் இருக்கும், காலியாக இருப்பதாலேயே எல்லாம் சரியாக நடக்கிறது என்று பொருளாகிவிடாது.

என் கோரிக்கை பெரிதில்லை. ஒதுக்கீட்டு ஆணையில் டியூஷன் கட்டணம் தெரிகிறது அல்லவா, அதற்குக் கீழே இன்னொரு வரி போடுங்கள். இந்தக் கல்லூரி இந்த மாணவியிடம் இந்த ஆண்டு எந்தப் பெயரில் வாங்கினாலும், மொத்தமாக இவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று ஒரே ஒரு எண், தமிழில். வரிசைப்படுத்தும் பக்கத்திலும் கல்லூரிப் பெயருக்கு நேரே அதே எண் தெரியட்டும். கட்-ஆஃபைப் பார்த்துத் தேர்வு செய்கிற மாதிரி காசைப் பார்த்தும் தேர்வு செய்வோம். என் வரிசையில் மூன்றாவதாக இருந்த கல்லூரி பஸ்ஸுக்கு இதில் பாதிதான் வாங்குகிறது என்று சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

கல்லூரிகள் ஒத்துக்கொள்ளாது என்பார்கள். ஆண்டுதோறும் அங்கீகார நீட்டிப்புக்கு எத்தனையோ படிவம் நிரப்பிக் கொடுக்கிறவர்கள்தானே, அதில் ஒரு படிவம் கூடும். பஸ் கட்டணம் தூரத்துக்குத் தகுந்தபடி மாறும் என்பார்கள். மாறட்டும், அட்டவணையாகக் கொடுக்கட்டும். அரசு பஸ் எங்கள் கல்லூரி கேட்டில்தான் நிற்கிறது. அதில் வருகிறவளுக்கு அந்த வரியில் பூஜ்ஜியம் இருக்கட்டும். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அவர்களுடைய ஆணையில் அந்த எண் என்ன என்று தெரிந்தால், ட்ரெயினிங்குக்கு 15,000 கேட்கும்போது, அந்த ஒதுக்கீட்டில் வந்த என் தோழியின் அம்மா அந்தத் தாளை எடுத்து நீட்டுவார். நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அந்த ஒதுக்கீட்டில் வரவில்லை, அது வேறு விஷயம்.

இன்னொன்றும் முடியுமானால் செய்யுங்கள். முதல் செமஸ்டர் பாதி கடந்த பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் ஒருவரை அனுப்புங்கள். ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டாம். நேரே முதல் ஆண்டு லேபுக்கு வந்து, ஓடுகிற கம்ப்யூட்டரை எண்ணட்டும். கால அட்டவணையில் இருக்கிற பெயரைக் கூப்பிடட்டும். ஏ.ஓ. அறைப் பீரோவைத் திறக்கச் சொல்லி, எங்கள் கவர்களை எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும். வருகிற ஆண்டுக் கலந்தாய்வு தொடங்கும் முன் இதற்கு நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
இ.சி.இ. முதல் ஆண்டு மாணவி ஒருத்தி