அந்த ஆளுக்குப் பதில் சொல்லும் முன்னால்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் இங்கே சுகம். நீயும் மருமகனும் பேரனும் அப்பாவும் சுகமாக இருக்க நம்ம தோட்டத்து மாரியம்மாவை வேண்டிக்கொள்கிறேன்.

வொய்ஸ் போடாமல் அம்மா ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வொய்ஸில் பேசினால் பாதியில் அழுகை வந்துவிடும், சொல்ல வந்தது நின்றுவிடும். எழுத்தில் இருந்தால் மருமகனும் வேலை முடிந்து ஆறுதலாக வாசிப்பார். அவரும் வாசிக்க வேண்டும்.

"அம்மா, நீங்க பட்டது போதும். வந்து பேரனைப் பாத்துக்கங்க, உங்களுக்குப் பதிலா நான் போறேன்" என்று நீ சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். என் மேல் உள்ள பாசத்தில் சொன்னாய், தெரிகிறது. ஆனால் அந்த ஏஜென்ட் கொடுக்கிற மூன்று லட்சத்தை நம்பி, அவன் சொல்கிற வழியில் நீ வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். கோபப்படாமல் வாசி.

முதலில் ஒன்று. நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு வந்ததை நினைத்து வெட்கப்படவில்லை. 2009-இல் கிளம்பும்போது உனக்கு ஆறு வயது. அந்த வருஷம் நம்ம தேயிலைத் தோட்டச் சனத்துக்குத் தொழிற்சங்கங்கள் பேசி முடித்த நாள் சம்பளம், எல்லாப் படியும் சேர்த்து 405 ரூபாய். அதுவும் வரவு குறைந்தால் கிடையாது. கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். அதில் பண்டிகை அட்வான்ஸ், தேயிலைத் தூள், சங்கச் சந்தா எல்லாம் கழித்துக் கையில் வருவதை வைத்து உன்னைப் படிக்க வைப்பதா, நாம் இருக்கிற லயத்துக் காம்பராவின் தகரத்தை மாற்றுவதா? ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் கேட்டு நம்ம சனம் எத்தனை வருஷம் ரோட்டில் நின்றது! அது கிடைத்ததே 2021-இல்தான். அதற்குள் சாமான் விலை எங்கேயோ போய்விட்டது. என்னை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. கணக்குப் பார்த்தேன், கிளம்பினேன். தாய் வெளிநாடு போனால் பிள்ளை கெட்டுவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும்.

ஆனால் நான் கிளம்ப முடிந்ததற்குக் காரணம் ஏஜென்சியோ குவைத்தோ இல்லை. உன் அம்மாயி, என்னைப் பெற்றவர்.

இதை யாரும் சரியாகச் சொன்னதில்லை, அதனால் நான் சொல்கிறேன். நான் போக நினைக்கிறேன் என்றதும் அம்மாயி எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதமே செக்ரோலில், தோட்டத்து வேலையாட்கள் பதிவில், தன் பேரை வெட்டிக்கொண்டார். இன்னும் சில வருஷம் மலைக்குப் போயிருந்தால் சர்வீஸ் காசு கூடியிருக்கும். நல்ல கொழுந்துக் கை அவருக்கு. சீசனில் கங்காணியே "அந்தக் கூடையைப் பாருங்க" என்று மற்றவர்களுக்குக் காட்டுவார். அதையெல்லாம் விட்டுவிட்டு உனக்குத் தலை சீவி, ரிப்பன் கட்டி, மழையில் படங்கைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வளைவு வரை கூட்டிக்கொண்டு போனார். உனக்குச் சளி பிடித்தால் மூன்று மைல் நடந்து டிஸ்பென்சரிக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர், உன் ரிப்போர்ட்டில் கைநாட்டு வைக்க டீச்சர் முன்னால் போய் நின்றவர். நான் அனுப்பிய காசையும் அவர் பேரில்தான் போட்டோம். பாங்க் புத்தகத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார், ஞாபகம் இருக்கிறதா? அதிலிருந்து ஒரு சதம் வீணாகப் போனதில்லை. அப்பா நல்ல மனிதர், கவ்வாத்து வேலை முடிந்து வந்தால் நேரே வீட்டுக்குத்தான் வருவார். ஆனாலும் ஒரு நாள்கூட உனக்கு அவர் சோறு ஊட்டியதில்லை. அதெல்லாம் பொம்பளை வேலை என்று அந்தக் காலத்தில் விட்டுவிட்டார்கள்.

நான் அனுப்பிய தினாரை ஊரே எண்ணியது. அம்மாயி செய்த வேலைக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. 2023-இல் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இலங்கைக்கு அனுப்பிய பணம் கிட்டத்தட்ட 600 கோடி டொலர் என்று செய்தியில் பெருமையாகச் சொன்னார்கள். அதில் எத்தனை அம்மாயிகளின் உழைப்பு இருக்கிறது என்று யாராவது சொன்னார்களா? 2020-இல் அவர் தவறிப்போனபோது கட்டுநாயக்கா விமான நிலையமும் மூடியிருந்தது, இங்கே ஊரடங்கும் போட்டிருந்தார்கள். நான் வர முடியவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், எழுதினால் மற்றது எதுவும் எழுத முடியாது.

இப்போது உன் விஷயத்துக்கு வா. உன் பிள்ளைக்கு அம்மாயி என்றால் நான்தான். நான் இன்னும் இங்கே இருக்கிறேன், அக்ரிமென்ட் தை மாதம்தான் முடிகிறது. அந்த ஆளோ உன்னை அடுத்த மாதமே ஏற்றிவிடப் பார்க்கிறான். அதுவரை பேரனை யார் கையில் கொடுப்பாய்? அப்பாவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது, ஓடுகிற பிள்ளையைப் பிடிக்க முடியாது. மருமகன் கொழும்பில் வெள்ளவத்தையில் கடையிலேயே தங்கி வேலை செய்கிறார். பக்கத்துக் காம்பரா அக்கா பார்த்துக்கொள்வார் என்கிறாய். அவர் பகலெல்லாம் மலையில். யார் பார்ப்பது என்று தெரியாமல் பிளேன் ஏறினால் அங்கே ஒரு வேலையும் ஓடாது, மகள். சட்டி கழுவும்போதும் மனசு பிள்ளையிடம்தான் கிடக்கும்.

நீ பெரிய பிள்ளையான அன்றைக்கு எனக்கு நடந்தது உனக்குத் தெரியாது. அத்தை இமோவில் கூப்பிட்டார். இங்கே சரியாகச் சாப்பாட்டு நேரம், பதினாலு பேர் விருந்துக்கு வந்திருந்தார்கள். நான் மச்பூஸ் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். போனை மாவு டின்னில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு கையால் சோற்றை ட்ரேயில் கொட்டிக்கொண்டே பார்த்தேன். தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டுவது தெரிந்தது. உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், தலையைக் குனிந்துகொண்டிருந்தாய், படம் அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது, குலவைச் சத்தமும். மேடம் வந்து "யல்லா, யல்லா" என்றார். ட்ரேயைத் தூக்கிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது லைன் கட்டாகியிருந்தது. நீ உடுத்தியிருந்த சேலை என்ன நிறம் என்று அத்தையிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இந்த வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, அடித்ததில்லை, சம்பளம் நிறுத்தியதில்லை. நல்ல வீட்டிலேயே இப்படித்தான்.

சட்டம் இருக்கிறதே என்பாய். இருக்கிறது. குவைத்தில் 2015-இல் வீட்டு வேலைக்காரர்களுக்கென்றே சட்டம் போட்டார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் லீவு, பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த வருஷம் குறைந்த சம்பளம் 60 தினார் என்றும் வைத்தார்கள். என் பாஸ்போர்ட் இன்றும் மேடத்தின் அலமாரியில்தான். நோன்பு மாதம் வந்தால் சஹர் சாப்பாடு முடிந்து நான் படுக்கும்போது விடிந்துவிடும். வீட்டுக்குள் வந்து எட்டிப் பார்க்க எந்த அதிகாரியும் வருவதில்லை. பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தியின் உடலை இங்கே ஒரு வீட்டு ஃப்ரீசரில் கண்டெடுத்தபோது அந்த நாட்டு அரசாங்கம் ஆட்களை அனுப்புவதையே நிறுத்தியது. பிறகு 2018-இல் குவைத் கையெழுத்துப் போட்டது, அவர்கள் பெண்கள் கையில் போன் வைத்திருக்கலாம் என்று. நம்ம நாட்டுப் பெண்களுக்காக அப்படி உறுதியாக யார் நின்றார்கள்?

சரி, அந்த ஆள் விஷயம்.

ஒன்று யோசித்துப் பார். மருமகன் டிரைவர் வேலைக்கோ ஹோட்டல் வேலைக்கோ வெளிநாடு போக நினைத்தால் ஏஜென்சிக்குக் காசு கட்ட வேண்டும். நீ வீட்டு வேலைக்குப் போவதென்றால் ஏஜென்சி உனக்குக் காசு தருகிறது. ஏன்? உன்னை எடுக்கிற வீட்டுக்காரர் அதைவிடப் பல மடங்கு அந்த நாட்டு ஏஜென்சி ஆபீஸில் கட்டுகிறார். அதிலிருந்து வருகிறதுதான் இந்த மூன்று லட்சம். காசு கொடுத்து எடுத்த ஆளைப் பாதியில் விட அவர்களுக்கு மனசு வராது. உடம்புக்கு முடியவில்லை, வீட்டில் சரியில்லை, போகிறேன் என்று சொல்லிப் பார், "கொடுத்த காசை வைத்துவிட்டுப் போ" என்பார்கள். அந்தக் காசு நீ எடுத்திருக்கிற குழுக் கடனுக்கு எப்போதோ போயிருக்கும்.

இன்னொன்று. பேரனுக்கு இன்னும் இரண்டு வயதாகவில்லை. இவ்வளவு சின்னப் பிள்ளை இருக்கிற தாயை நம்ம வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் பதிய மாட்டாது. 2013-இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று கொண்டுவந்து, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போகக் கூடாது என்றார்கள். 2022-இல் நாட்டில் டொலர் இல்லாமல் போனதும் அதை இரண்டு வயதாகக் குறைத்தார்கள். டொலர் வேண்டும் என்றால் பிள்ளைக்குத் தாய் தேவைப்படுகிற வயதும் குறைகிறது, பார்! தகப்பன் போவதற்கு இப்படி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. இந்தச் சட்டம் நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைத் தாண்டுவதற்கு அந்த ஆள் காட்டுகிற வழிதான் ஆபத்து. "விசிட் விசாவில் டுபாய் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறானே, அப்படிப் போனால் பணியகத்தில் உன் பேரே இருக்காது. இன்சூரன்ஸ் இல்லை, அக்ரிமென்ட் இல்லை. 2022 கடைசியில் ஓமான் விஷயம் வெளியே வந்ததே, நினைவிருக்கிறதா? விசிட் விசாவில் கூட்டிக்கொண்டு போன நம்ம நாட்டுப் பெண்களை விலை பேசி விற்றார்கள். அங்கே தூதரகத்தில் வேலை செய்த அதிகாரி ஒருவரே கைதானார்.

மூதூர் ரிசானா நபீக்கை உனக்கு அவ்வளவாகத் தெரியாது, நீ அப்போது சின்னப் பிள்ளை. 2005-இல் சவூதிக்குப் போனது, பதினேழு வயது. பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டிப் போட்டு அனுப்பினார்கள். வீட்டு வேலைக்கென்று போன பிள்ளை கையில் கைக்குழந்தையைக் கொடுத்தார்கள். குழந்தை இறந்துவிட்டது, பழி இவள் மேல். 2013 ஜனவரி 9-ஆம் திகதி தலையை வெட்டினார்கள். அந்தச் செய்தி வந்த இரவு இந்தத் தெருவில் இருந்த நம்ம நாட்டுப் பெண்கள் யாரும் தூங்கவில்லை. அந்தப் பாஸ்போர்ட்டில் வயதை மாற்றியவனும் "நான் பாத்துக்கிறேன் தங்கச்சி" என்றுதான் சொல்லியிருப்பான்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

குழுக் கடன் எவ்வளவு மிச்சம் என்று புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பு. வாரம் வாரம் கட்டுவதை நான் இந்த மாதத்திலிருந்து அனுப்புகிறேன். மேடத்திடம் இரண்டு மாதச் சம்பளம் முன்னால் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொன்னார். குசினியை இழுத்துக் கட்ட எடுத்த கடன்தானே, அதற்காக நீ கடல் தாண்ட வேண்டாம். கடன் அறவிட வருகிற பையன் லயத்து வாசலில் நின்று சத்தம் போட்டால் தோட்டத்துச் சங்கத் தலைவரைக் கூப்பிடு, தனியாக நின்று பேசாதே.

தை மாதம் நான் வந்துவிடுகிறேன். இந்தத் தடவை திரும்பி வர மாட்டேன். முழங்கால் இனி இந்த மூன்று மாடிப் படி ஏறாது, அதுவும் உண்மை. வந்த பிறகு நானும் நீயும் மருமகனும் உட்கார்ந்து பேசுவோம். அப்போதும் நீ போகத்தான் வேண்டும் என்றால் நான் தடுக்க மாட்டேன். பேரனை நான் பார்க்கிறேன், அம்மாயி உன்னைப் பார்த்த மாதிரியே. ஆனால் பணியகத்தில் பதிந்து, பயிற்சி எடுத்து, தமிழில் எழுதிய அக்ரிமென்டை வாசித்துப் புரிந்துகொண்டு போ. அதன் ஒரு பிரதி என்னிடம் இருக்க வேண்டும். நீ வேலை செய்யும் வீட்டு விலாசமும் அங்கத்தைய போன் நம்பரும் ஏறும் முன்னால் கையில் இருக்க வேண்டும். சம்பளம் உன் சொந்தப் பேரில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும், இதை மருமகன் முன்னாலேயே சொல்வேன்.

மருமகனிடமும் ஒன்று கேட்கிறேன், தம்பி. யார் போவது என்று பேசும்போது உங்கள் பேரையும் சேர்த்துப் பேசுங்கள். நீங்கள் போவதற்குக் கட்ட வேண்டிய காசைச் சேர்க்க நானும் உதவுகிறேன். மகள் ஹட்டனில் துணிக்கடை வேலைக்குத் திரும்பப் போகட்டும், பேரன் என்னிடம் இருப்பான். இதையும் ஒரு வழியாக வைத்து யோசியுங்கள்.

வெள்ளிக்கிழமை அந்த ஆள் வருவான் என்றாய். பாஸ்போர்ட்டையும் ஐ.டி.யையும் அப்பாவிடம் கொடுத்து வை. படம் எடுத்துக்கொள்கிறேன் என்றாலும் காட்டாதே. அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூட வாங்காதே, வெற்றுப் பேப்பரில் கையெழுத்துப் போடாதே. அவன் மிரட்டினால் 1989-க்கு அடி, அது பணியகத்து நம்பர், இரவிலும் எடுப்பார்கள். அப்புறம் எனக்கு மிஸ்ட் கால் கொடு, எந்த நேரமானாலும் நான் கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா