பனி மட்டுமா காரணம்?

ஆசிரியருக்கு வணக்கம். ஸ்வீடன் துப்பறியும் நாவல்கள் உலகமெங்கும் விற்பதற்குப் பனியும் இருட்டும்தான் காரணம் என்று ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். பனி கனடாவிலும்தான் கொட்டுகிறது, சார்!

1965 முதல் 1975 வரை ஸ்வீடன் எழுத்தாளர்கள் மாய் ஷேவாலும் பெர் வாலேயும் சேர்ந்து எழுதிய பத்து நாவல்களைப் பாருங்கள். கொலையைத் துருவிக்கொண்டே போய், எல்லோருக்கும் எல்லாம் கிடைக்கும் என்று பெயர் வாங்கிய நாட்டில் யாரெல்லாம் விடுபட்டார்கள் என்று காட்டிவிடுகிறார்கள், துப்பறிகிறவரும் வயிற்றுக் கோளாறோடு அலைகிற சாதாரணப் போலீஸ்காரர். புதுச்சேரிப் புழுக்கத்தில் ஃபேனுக்கு அடியில் படித்தாலும் அது ஒட்டிக்கொள்கிறது.

இன்னொரு ஸ்வீடன் எழுத்தாளரான ஸ்டீக் லார்சனின் நாவலை, பெண்கள் மீதான வன்முறை தாங்கவில்லை என்று என் தங்கை பாதியில் மூடிவிட்டாள். அதுவும் நியாயம்தான். அப்புறம், இவற்றில் எதெல்லாம் தமிழில் கிடைக்கிறது என்றும் எழுதுங்களேன்.

– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி